தேடுவதற்கு ஓர் ஆள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தலைப்பில் "உண்மையான மகிழ்ச்சி அன்பில்தான் இருக்கிறது என்கிறார்களே, அதை எங்கே தேடுவது?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். கீழே எழுதியிருக்கும் விவரம் அவ்வளவு பொதுவானதாக இல்லை. வயது 34, சொந்த ஊர் தேனிப் பக்கம், சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை, நல்ல சம்பளம், தனி ஃப்ளாட். மூன்று வருடக் காதல் போன ஆவணியோடு முறிந்துவிட்டது. போனில் அறுநூறு நம்பர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. "போகலையா தம்பி?" என்று அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கேட்டதற்கு எரிச்சல் வந்தது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆக நீங்கள் கேட்பது மூன்று. அன்பாக இருந்தால் மகிழ்ச்சி வருமா, இல்லை ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்குத்தான் அன்பு கிடைக்கிறதா என்பது ஒன்று. இந்த வயதுக்கு மேல் புதிதாக மனிதர்களை எங்கே போய்ப் பிடிப்பது என்பது இரண்டு. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது: என்னிடம் ஏதோ கோளாறு இருப்பதால்தான் இப்படி ஆனதா?

நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். மனநல சமூகப் பணியாளர். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் 23 வருடமாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டர் மருந்து எழுதி முடித்துவிட்டு, "வெளியில அந்த அம்மாகிட்ட கொஞ்சம் பேசிட்டுப் போங்க" என்பாரே, அந்த அம்மா நான்தான். இதில் ஒரு குறை உண்டு. சந்தோஷமாக இருப்பவர்கள் என் அறைக்கு வருவதில்லை. பஞ்சர் கடைக்காரருக்கு ஊரில் ஓடுகிற வண்டியெல்லாம் பஞ்சராகத்தான் தெரியும். என் அனுபவத்திலிருந்து சொல்லும் இடங்களில் அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். உறவுகளுக்கும் உடல்நலத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருக்கிறது. இதில் இன்று பெரிய சண்டை கிடையாது. ஹார்வர்டு ஆய்வைப் பற்றி நீங்களும் ஏதாவது வீடியோவில் பார்த்திருப்பீர்கள். 1938இல் தொடங்கியது. ஹார்வர்டு மாணவர்கள் 268 பேர். பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியும் அதில் ஒருவர். பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த பையன்கள் 456 பேரைத் தொடர்ந்துவந்த இன்னொரு ஆய்வு பிறகு இதோடு சேர்ந்தது. மொத்தம் 724 பேரை வேலை, கல்யாணம், குடி, விவாகரத்து, ரத்தப் பரிசோதனை என்று முதுமை வரைக்கும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 50 வயதில் தன் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தாம் 80 வயதில் திடமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட இது நன்றாகக் கணித்தது என்கிறார் அதன் நான்காவது இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். உறவு பலமாக இருந்தவர்கள் ஆய்வு முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இந்த இடத்தில் உங்கள் முதல் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது, நியாயமாகவே. உடம்பும் மனசும் நன்றாக இருப்பவனுக்கு நண்பர்கள் சேருவார்கள். எப்போதும் படுத்துக்கிடப்பவனை நாலு பேர் வந்து பார்ப்பார்கள், ஐந்தாவது மாதம் நிறுத்திவிடுவார்கள். ஹார்வர்டு ஆய்வில் ஆரம்பத்தில் சேர்க்கப்பட்ட அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். நம் ஊரில் மாமியார், நாத்தனார், ஒரே சமையலறை என்று வாழும் ஒரு பெண்ணுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. பின்தொடர்ந்து பார்ப்பதை மட்டும் வைத்துக் கோழி எது முட்டை எது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதற்கு, யாருக்கு அன்பு, யாருக்கு இல்லை என்று ஆட்களைப் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். யார் அப்படிச் செய்வார்கள் என்று தோன்றும். கிட்டத்தட்ட அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மாட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ வார்டில் சேர்ந்து, வீட்டுக்குப் போன பிறகு சிகிச்சையே வேண்டாம் என்று விலகிவிட்ட 843 பேரை 1969இலிருந்து சில ஆண்டுகளில் சேர்த்தார். ஒரு பிரிவினரை அப்படியே விட்டார். இன்னொரு பிரிவினருக்கு ஐந்து வருடத்தில் 24 கடிதம் போனது. அதில் அறிவுரை கிடையாது, மாத்திரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது, "ஓபிக்கு வரவும்" கிடையாது. நீங்கள் இங்கிருந்து போய் நாளாகிவிட்டது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம் என்கிற மாதிரி இரண்டு வரி. அவ்வளவுதான். கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு வருடங்களில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. கடிதம் நின்ற பிறகு அது மெல்லத் தேய்ந்து, 14ஆம் வருடத்தில் வித்தியாசமே இல்லாமல் போனது. எனக்கு இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியமாகப் படுகிறது. தடுப்பூசி மாதிரி ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் நிற்கிற பொருளாக இது இல்லை. சோறு மாதிரி. நேற்றுச் சாப்பிட்டது நேற்றோடு போயிற்று.

நம் ஊரும் சேர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் என ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்த 1867 பேரிடம் நடத்தியது. 2008இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவுக்கு அதோடு டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள். அப்புறம் 4, 6, 12, 18ஆம் மாதங்கள். முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. பின்னால் வேறு இடங்களில் செய்த இதுபோன்ற ஆய்வுகள் எல்லாமே இந்த அளவு பலன் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உயிரைக் காப்பதும் மகிழ்ச்சியும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லைதான். ஆனால் அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்ற சந்தேகத்துக்கு, ஒரு பக்கம் நிச்சயமாகப் பாய்கிறது என்று காட்ட இது போதும்.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் பிரிவில் நான் ஒரு நீள நோட்டு போட்டேன். டிஸ்சார்ஜ் தேதி, எதிரே ஒன்பது கட்டம், ஓரத்தில் போன் நம்பர். ஓபி கூட்டம் கலைந்து இரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்து கூப்பிடுவேன். ஒருவர் நினைவில் நிற்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றியிருக்கிறேன். விசைத்தறி ஓட்டுகிறவர், 50 வயதைத் தாண்டியவர், மனைவி இறந்து ஒரு வருடம், மகன் திருப்பூரில். முதல் தடவை கூப்பிட்டபோது, "யாரு?" என்றார். "ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேண்ணே, எப்படி இருக்கீங்க?" "இருக்கேன்." பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது, வைத்துவிட்டார். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை "சாப்டீங்களா?" என்று கேட்டேன். "எங்கம்மா, அடுப்பு பத்தவெச்சு நாலு நாளாச்சு. டீயும் பன்னுந்தான் ஓடுது" என்றார். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை நான். "ஒரு ரசமாச்சும் வைங்கண்ணே" என்றேன். படித்த படிப்பு எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. ஏழாம் வாரப் போன் ஒரு வியாழக்கிழமை போயிருக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒருவர் லீவு, அன்று முடியவில்லை. வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். தறியை நிறுத்தியிருப்பார் போல, சத்தமே இல்லை. "நேத்தே வரும்னு பாத்தேம்மா" என்றார். தேதி எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கதான சீட்டுல எழுதிக் குடுத்தீங்க. காலண்டர்ல சுழிச்சு வெச்சிருக்கேன்."

தேடுவது என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். காணாமல் போன சாவியைத் தேடுவது ஒன்று. "புள்ள அப்பாவைத் தேடுது", "ரெண்டு நாளா ஆளைக் காணோம், மனசு தேடிருச்சு" என்று எங்கள் பக்கம் சொல்வது இன்னொன்று. நீங்கள் சாவியைத் தேடுவது மாதிரி மகிழ்ச்சியை எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். இந்த 23 வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இரண்டாவதில்தான் இருக்கிறது. ஒருநாள் காணோம் என்றால் உங்களைத் தேடுகிற ஓர் ஆள். நீங்கள் தேடுகிற ஓர் ஆள். அவர்கள் இருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காதலாகவோ ரத்த உறவாகவோ இருக்க வேண்டியதும் இல்லை. தறிக்காரருக்கும் எனக்கும் என்ன உறவு? அவர் முகம்கூட எனக்கு இப்போது சரியாக நினைவில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "நாளைக்குப் போனை அணைச்சுட்டு நீங்க பேசாமப் படுத்துக்கிட்டா, முதல்ல யாருக்குத் தெரியும், எத்தனை மணிக்கு?" உங்கள் வயதுக்காரர்கள் அனேகமாக "மேனேஜருக்கு" என்பார்கள். ஒருவர் "லோன்காரனுக்கு" என்றார். ஒரு வயதான அம்மா யோசித்துவிட்டு "பால்காரருக்கு" என்றார், சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மூன்றில் அதுதான் நல்ல பதில். வாசலில் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் அவர் கதவைத் தட்டுவார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

மறு திசையும் உண்மைதான். மனசு நன்றாக இருக்கும் நாளில்தான் நாலு பேரோடு பேசத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிற சக்கரம், எந்த இடத்தில் தொட்டாலும் சுற்றும். அதில் கைக்கு எட்டுகிற இடம் எது என்பதுதான் நமக்கு வேண்டியது. மகிழ்ச்சியாக இரு என்று யாரும் தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்ள முடியாது. ஒருவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியும். 2008இல் எலிசபெத் டன்னும் சகாக்களும் 46 பேரிடம் காலையில் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தனக்கும் பாதிப் பேரைப் பிறருக்கும் மாலைக்குள் செலவு செய்யச் சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்கள் சாயங்காலம் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை. 46 பேர் என்பது சின்னக் கூட்டம். பிறகு பெரிய அளவில் செய்தபோது பலன் சிறுத்தது, ஆனால் அழிந்துவிடவில்லை. இதை நான் பாதி உறுதி என்ற பெட்டியில் போடுவேன்.

இனி சந்தேகப் பெட்டி. "தனிமை என்பது ஒரு நாளைக்கு 15 சிகரெட்" என்ற வாசகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தனித்தனி ஆய்வுகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒப்பீடு அது; தனியாக இருக்கும் உங்கள் நுரையீரலைப் பற்றிய செய்தி என்று பயப்பட வேண்டாம். ஆக்சிடோசின் "அன்பு ஹார்மோன்" என்கிறார்கள். அதை மூக்கில் ஸ்ப்ரே அடித்தால் அந்நியர்மேல் நம்பிக்கை கூடும் என்று 2005இல் வந்த பிரபலமான முடிவை, பின்னால் கவனமாகத் திருப்பிச் செய்தவர்களால் எட்ட முடியவில்லை. கட்டிப்பிடிப்பதில் சுகம் இருக்கிறது, அதற்கு ஹார்மோன் பெயர் தேவையில்லை. "முதலில் உன்னை நீ நேசி, அப்புறம்தான் பிறரை நேசிக்க முடியும்" என்பது இன்னொன்று. நான் பார்த்த வரைக்கும் தன்னைக் கண்டாலே பிடிக்காதவர்கள்கூடத் தெருநாய்க்குச் சோறு வைத்து, அது தங்களைத் தேடி வாசலில் நின்றதைப் பார்த்து, அதற்காகவே மறுநாள் எழுந்திருக்கிறார்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லா உறவும் நல்லது செய்வதில்லை. ஓஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் 42 தம்பதிகளை மருத்துவமனையில் இரண்டு தடவை ஒவ்வொரு நாள் தங்கவைத்து, முன்கையில் சின்னக் கொப்புளப் புண் உண்டாக்கி, அது ஆறும் வேகத்தைக் கவனித்தார், 2005இல் வெளியிட்டார். பேச்சில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே இருந்த தம்பதிகளுக்கு, அப்படி இல்லாதவர்களின் வேகத்தில் 60 சதவீதம்தான் புண் ஆறியது. இதுவும் சின்ன ஆய்வு. ஆனால் என் அறையில் உட்கார்ந்து அழுகிறவர்களில் பலர் வீடு நிறைய ஆட்கள் உள்ளவர்கள். "எல்லாரும் இருக்காங்கம்மா, எனக்குன்னு யாரும் இல்ல" என்ற வாக்கியத்தை இந்த ஜில்லாவில் என்னைவிட அதிகம் கேட்டவர் இருக்க மாட்டார். அதனால் அன்புதான் மகிழ்ச்சி என்று சொல்லி யாரையும் அடிக்கிற வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நான் தயாராக இல்லை.

இப்போது நீங்கள் எழுதாத மூன்றாவது கேள்வி. உங்களை நான் பார்த்ததில்லை. உங்களிடம் கோளாறே கிடையாது என்று சொன்னால் அது பொய் ஆறுதல். ஆனால் ஒன்று தெரியும். தனிமையில் இருக்கும் மனசு மற்றவர்களைத் தப்பாகப் படிக்கும். தனிமையைப் பசி, தாகம் மாதிரி ஒரு சமிக்ஞை என்று சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ. அந்தப் பசி நீடித்தால் எச்சரிக்கை உணர்வு கூடிவிடும், எந்த முகத்திலும் புறக்கணிப்பின் அடையாளத்தை முதலில் தேடும் என்றும் அவர் சொன்னார். அவரும் சேர்ந்து 2011இல் தனிமையைக் குறைக்கச் செய்யப்பட்ட முயற்சிகளை அலசியபோது, ஆட்களைக் கூட்டிச் சந்திக்க வைப்பதைவிட, பழகும் திறமை சொல்லிக் கொடுப்பதைவிட, இந்தத் தப்பான வாசிப்பைத் திருத்திய முயற்சிகளே அதிகம் பலித்தன என்று தெரிந்தது. புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரைத் தனித்தனியே விசாரித்தால், அடுத்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வும் உண்டு.

என் நோட்டிலேயே இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஒருமுறை ஆடிட் என்று இரண்டு வாரம் எங்களைப் பிழிந்து எடுத்தார்கள். போன் எதுவும் போகவில்லை. பிறகு கூப்பிட்டபோது ஒரு பெண், "பரவால்ல மேடம், உங்களுக்கும் அலுத்துப் போயிருக்கும்" என்றார். நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த இரண்டு வாரத்தில் அவர் மனசு ஒரு முழு வழக்கை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டது. தப்பு என்னுடையது, அதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருந்தீர்களே, காலேஜ் நண்பன் ப்ளூ டிக் வந்தும் பதில் போடவில்லை, அதனால் இனி அவனுக்கு எழுதுவதில்லை என்று; அதைப் படித்ததும் எனக்கு இந்தப் பெண்தான் ஞாபகம் வந்தார். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று நீங்களே இரண்டு வரி முன்னால் சொல்லியிருக்கிறீர்கள்.

எங்கே ஆள் பிடிப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் கேட்டு ஒரு மதிப்பீடு போட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். அவரவர் சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு, எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அதில் எனக்குப் பயன்பட்டது வேறு: சேர்ந்து வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகச் சேரவில்லை. ஐந்து வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் வேலை மாறியதும் காணாமல் போவது அதனால்தான் ஆச்சரியம் இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 200 மணி நேரத்துக்கு இரண்டு வருடம் ஆகும். ஒரு மாதம் பேட்மிண்டன் போனேன், யாரும் ஒட்டவில்லை, விட்டுவிட்டேன் என்கிறீர்கள். எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, தம்பி.

ஆகவே இடத்தைவிடக் கிழமை முக்கியம். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே ஆட்கள். அது பேட்மிண்டன் கோர்ட்டோ, நூலகத்து வாசகர் வட்டமோ, கடற்கரையில் காலை நடையோ, கோயில் உழவாரப் பணியோ, உங்களுக்கு எது கசக்காதோ அது. நீங்கள் வராத நாளில் "அவர் எங்கே?" என்று ஒருவர் கேட்க வேண்டும் என்றால், நீங்கள் வருவது முதலில் வழக்கமாகியிருக்க வேண்டும். நடுவில் சில்லறைப் பேச்சை மட்டமாக நினைக்காதீர்கள். சிகாகோ ரயிலில் தினசரி போகிறவர்களைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார் நிக்கலஸ் எப்லி; 2014இல் வெளியானது. எரிச்சலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிற காரியம் அது. பேசிய பிறகு கேட்டால், பேசாமல் போனவர்களைவிடப் பயணம் நன்றாக இருந்தது என்றார்கள். நம் பக்கத்து ரயிலில் இதற்கு ஆய்வே தேவைப்பட்டதில்லை. மணப்பாறை தாண்டுவதற்குள் முறுக்கு கைமாறிவிடும். ஹெட்போன் வந்த பிறகு நமக்கும் தேவைப்படலாம்.

முறிந்த காதலைப் பற்றி நான் சொல்வது வெறும் அபிப்பிராயம், பின்னால் எந்த ஆய்வும் இல்லை. அந்தப் பெண் போனதால் உங்களுக்குப் போனது இரண்டு. ஒன்று அவர். இன்னொன்று, மூன்று வருடத்தில் அவர் ஒருவரே போதும் என்று நீங்கள் கைவிட்ட மற்ற எல்லோரும். முதலாவதற்கு அழத்தான் வேண்டும், அவசரம் இல்லை. இரண்டாவதில் பாதியை மீட்கலாம், அவர்கள் அதே நம்பரில்தான் இருக்கிறார்கள். வீட்டில் "ஒரு கால்கட்டு போட்டாச் சரியாயிரும்" என்று பெண் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நிரப்ப ஒருத்தி வந்தால், அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றுகிற பாரம் பெரிது. உங்களைத் தேட நாலு பேர் இருக்கும்போது ஐந்தாவதாக அவர் வருவது அவருக்கும் நல்லது.

நான் எழுதியது எல்லாம் பொருந்தாத ஓர் இடம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி போய், பிடித்தது எதுவும் பிடிக்காமல், செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வந்து போகிறது என்றால் அது தனிமையோடு நிற்கவில்லை; மன அழுத்த நோயாக இருக்கலாம். அப்போது நண்பர்களைத் தேடப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். கால் உடைந்தவனை நாலு பேரோடு ஓடப் பழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுத்தில் தெரியாமல் போவது சகஜம். அதேபோல, யாரும் தேடாமலே நிம்மதியாக இருக்கிற ஆட்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பதிலே தேவையில்லை. நீங்கள் கேள்வி கேட்டதால் அந்த ரகம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு ஞாயிறு மதியம் இரண்டரைக்குப் போன் செய்யுங்கள், தினமும் வேண்டாம். அதே இரண்டரை, எல்லா ஞாயிறும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் என்ன குழம்பு என்று கேளுங்கள். மூன்றாவது வாரம் இரண்டு இருபதுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலேஜ் நண்பனுக்குக் குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு வரி. மாட்டோ 24 கடிதம் போட்டார், பதில் வந்தால்தான் அடுத்தது என்று அவர் நிபந்தனை வைக்கவில்லை.

அப்புறம் அந்த வாட்ச்மேன். பொங்கல் அன்று உங்கள் ஃப்ளாட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்து, இந்தப் பையன் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று யோசித்த ஒரே ஆள் அவர்தான். உங்கள் கேள்வியில் அவர் பெயர் இல்லை. தெரியாது என்றால் இன்றைக்கு இரவு கேட்டுவிடலாம். அவருக்கும் அன்றைக்குப் பொங்கல்தானே, அவர் ஏன் போகவில்லை?